அன்பியப் பொறுப்பு ஏற்ற தோழிக்கு

அன்புள்ள ஸ்டெல்லா,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் பொறுப்பை உன் தலையில் வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சந்தோஷம்தான். "செபமாலை சொல்கிறோம், பாடுகிறோம், டீ குடித்துக் கலைகிறோம். இதற்கு மேல் என்ன?" என்று நீ கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம்.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்தில் உருவான ஏழு படி நற்செய்திப் பகிர்வைப் பிடித்துக்கொள். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய பணியை முடிவு செய்வது, செபம் என்று ஏழு. வழக்கமாக, அடுத்து வரும் ஞாயிறின் நற்செய்தியையே எடுக்கலாம். பிறகு கோயிலில் அதே பகுதியைக் கேட்கும்போது பிரசங்கம் வேறு மாதிரி மனதில் இறங்கும். ஆனால் முதல் கூட்டத்துக்கு மாற்கு 2:1-12 எடு, முடக்குவாதமுற்றவரைக் கூரை வழியாக இறக்கும் பகுதி. எல்லோரும் பக்கத்தை எடுக்கும்வரை பொறுத்திரு. 1995 பொது மொழிபெயர்ப்பும் பழைய விவிலியமும் கலந்து இருந்தால், ஒன்றிலிருந்து மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்.

மூன்றாம் படியில் ஒருவர் "நால்வர் சுமந்து" என்பார். அதையே நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை சொல்ல வேண்டும். இன்னொருவர் "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" என்பார். யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. கட்டிலில் கிடந்தவருடைய நம்பிக்கையை மட்டும் சொல்லாமல், தூக்கி வந்தவர்களையும் சேர்த்து 'அவர்களுடைய' என்று மாற்கு எழுதியிருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு முழுப் பகுதியையும் மறுபடி வாசித்துவிட்டு, மூன்று நிமிடம் மௌனம். எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் ஒரு நிமிடத்திலேயே யாராவது பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள்.

பகிர்வில்தான் பெரும்பாலான கூட்டம் கெடுகிறது. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் பிரசங்கம் வைப்பார், மற்றவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். அதனால் 'நாம் எல்லோரும்' என்று பேச வேண்டாம், 'எனக்கு' என்று பேசட்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தவும் வேண்டாம், அதற்கு ஆலோசனை சொல்லவும் வேண்டாம். அங்கே கேட்ட வீட்டு விஷயம் தெருவுக்குப் போனால், அடுத்த மாதம் அந்த வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

ஆறாம் படியை நேரமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அன்பியத்தின் உயிரே அதுதான். 'ஏழைகளுக்கு உதவுவோம்' என்று முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. யார், யாருக்கு, என்ன, எந்தக் கிழமை என்பது நோட்டில் ஏற வேண்டும். நடக்க முடியாத பாட்டியை ஞாயிறு காலைத் திருப்பலிக்கு ஆட்டோவில் அழைத்து வருவது யார், பக்கத்துத் தெரு விதவைக்கு உதவித்தொகை மனு எழுத தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவது யார் என்று பெயரோடு எழுது. வேறு மதத்துக் குடும்பமாக இருந்தால் என்ன, அவர்களும் நம் தெருதானே. அடுத்த கூட்டத்தை அந்த நோட்டை வாசித்தே தொடங்கு. செய்யாதவரைக் கடிந்துகொள்ளாதே, துணைக்கு இன்னொருவரைச் சேர்த்துவிடு.

டீ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. ஒரு வீட்டில் வடை கொடுத்தால் அடுத்த வீட்டில் கேசரியும் சேரும். கடைசியில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் முறை வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெறும் கட்டன் சாயா, எல்லா வீட்டுக்கும் அதுவே சட்டம்.

நோயாளி வீடுகளின் பட்டியல் ஒன்றும் உன் கையில் இருக்கட்டும். பங்குச் சாமியார் நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) கொண்டு வரும் நாளில் சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் இவை போதும். விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால் முன்பே சொல்லிவிடு, சிறு துண்டாகக் கொடுப்பார். நற்கருணை வாங்குமுன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாசம் முதியோரையும் நோயாளியையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டுப்படுத்தாது. கஞ்சி குடித்துவிட்டேன் என்று யாரும் நற்கருணை வாங்காமல் இருக்க வேண்டாம். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்ற அருள்சாதனத்துக்கு, நினைவு தப்பிய பிறகு ஆள் அனுப்புவது பல வீடுகளில் பழக்கம். சாமியார் வந்தால் சாவு வரும் என்ற பயம்தான் காரணம். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைக் கொடுக்கலாம், பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலும் கேட்கலாம். நோயாளி தானே 'ஆமென்' சொல்லிப் பெறுவது எவ்வளவு பெரிய ஆறுதல்! இதைக் கூட்டத்தில் தெளிவாகச் சொல்.

ஆபீசில் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தாய். நம் புனித தேவசகாயத்தை நினைத்துப் பார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளையாக இருந்தவர், அடுக்கடுக்காக நஷ்டம் வந்து நொந்து போயிருந்தபோது, கூட வேலை பார்த்த டச்சுக்காரத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார். துன்பத்தில் இருந்த நண்பரிடம் அவருக்குத் தேவையான நேரத்தில் பேசிய பேச்சு அது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752-இல் காற்றாடிமலையில் மறைசாட்சி மரணம், 2022-இல் புனிதர் பட்டம். டிலனாய் விவாதம் செய்து யாரையும் மடக்கவில்லை. நீயும் யாராவது கேட்டால் சொல், 1 பேதுரு 3:15-16 சொல்கிறபடி பணிவோடும் மரியாதையோடும் சொல். ஆஸ்பத்திரி வார்டில் துண்டுப் பிரசுரம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. படுத்துக் கிடக்கிறவரால் எழுந்து போக முடியாது. அவருக்கு வெந்நீர் வாங்கிக் கொடு, ரத்தம் தேவையென்றால் ஆள் பிடித்துக் கொடு. உனக்காக செபிக்கட்டுமா என்று கேள், வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து செபி.

முதல் கூட்டத் தேதி முடிவானதும் எழுது. நோட்டில் முதலில் ஏறிய பணி என்ன என்பதையும் சேர்த்து எழுது. அன்று மாலை உங்கள் அன்பியத்துக்காக ஒரு செபமாலை சொல்கிறேன். அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து நேரம் தவறாமல் விடு.

அன்புடன்,
உன் மேரி