அறைகளுக்கு முன் கிணற்றைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லட்சத்தீவுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். போன வருடம் ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் பெங்களூரிலிருந்து அங்குள்ள அகத்தித் தீவுக்குப் போய் நான்கு நாள் இருந்தோம். கடலின் நிறம், வெள்ளை மணல், சூரை மீன் வறுவல் எல்லாம் கட்டுரையில் அப்படியே இருக்கின்றன. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

அகத்தி 4 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு. ஆறு, ஏரி எதுவும் கிடையாது. பவள மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் ஊறுவது அதுதான். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். கழிவுத்தொட்டி கசிந்தாலோ அது மணல் வழியே அதே கிணற்றுக்குத்தான் போகும். இது தெரியாமல் நாங்கள் தினமும் கடலில் குளித்துவிட்டு வந்து, உப்புப் போக ஆளுக்குப் பத்து நிமிடம் ஷவரில் நின்றோம். தங்கிய வீட்டின் அம்மா வாளியில் அளந்து அளந்து புழங்குவதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். 2024 கோடையில் அல்சூரில் டேங்கருக்காகக் காத்துக் கிடந்தவள் நான். இங்கே போர்வெல் வற்றினால் வெளியூரிலிருந்து டேங்கராவது வரும். அங்கே எங்கிருந்து வரும்?

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்பார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் தலைநகரான கவரத்தித் தீவில் அதைச் செய்துகாட்டியது, நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த நிலையம் தருவது நாளுக்கு 1 லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவில் 11,000 பேருக்கு மேல். ஆளுக்கு 9 லிட்டர்தான் வருகிறது. ஊர்க்காரர்களுக்கே இவ்வளவுதான் என்றால் விருந்தாளிக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

அப்புறம் பவளப்பாறை. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் அது வெளுத்துப்போய்ப் பாதி உயிரோடுதான் தேறி வருகிறது. எங்களோடு படகில் வந்த ஒருவர் போட்டோவுக்காக அதன்மேலேயே ஏறி நின்றார். படகுக்காரர் உட்பட யாரும் தடுக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. சூரை மீனைத் தூண்டிலில் பிடிக்க இரையாகும் பொடிமீன்கள் அந்தப் பாறைகளை ஒட்டித்தான் வளர்கின்றன. நாம் வாங்கும் மாசிக் கருவாடும் அந்தச் சூரைதான். பாறை போனால் அவர்கள் பிழைப்பும் போகும், அலையைத் தடுக்கும் அரணும் போகும்.

பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்து நாறிய பிறகு, 2018இல் ஆறு மாதம் தீவையே மூடினார்கள். திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். லட்சத்தீவில் அந்த நிலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் சுற்றுலாப் பயணிகள் யாரும் அங்கே நுழைய முடியாது. அந்தச் சீட்டின் எண்ணிக்கையை ஒவ்வொரு தீவின் கிணற்றுநீரையும் கழிவு வசதியையும் அளந்து முடிவு செய்யட்டும். விமானத்தையும் அறைகளையும் கூட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தீவுப் பயணக் கட்டுரையில் தங்குமிடம், கட்டணம் போடும் பெட்டிச் செய்தியிலேயே அங்கே குடிநீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று இரண்டு வரி சேருங்கள். போகும் முன்பே படித்திருந்தால் நாங்கள் வாளியில்தான் குளித்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.