இரண்டு வயலினில் ஒன்றை நிறுத்த நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகள் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 6-க்குப் போகிறாள் என்பதால், பள்ளி இணைப்பாட நடவடிக்கையில் வாசிக்கும் மேற்கத்திய வயலின், சனிக்கிழமை கர்நாடக வயலின் வகுப்பு ஆகிய இரண்டில் ஒன்றை நிறுத்தப் போவதாகச் சொன்னாய். நேரமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இரண்டையும் கற்றால் கை கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நீ நம்பியதால்தான் இக்கடிதம்.

சென்ற மாதம் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், தன் தம்பிக்காக அவள் நின்றபடி 'டுவிங்கிள் டுவிங்கிள்' மெட்டை வாசித்தாள். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமலே அதே மெட்டில் 'சியாமளே மீனாக்ஷி' என்று பாடத் தொடங்கினார். பிள்ளை வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டாள். "பாட்டி, இது உங்க பாட்டா?" "என் பாட்டு இல்லடி, தீட்சிதர் பாட்டு."

'டுவிங்கிள்' உண்மையில் பழைய பிரெஞ்சு மெட்டு. ஐரோப்பிய இசைமேதை மொசார்ட் அதே மெட்டை வைத்து விசைப்பலகைக்கு 12 மாறுபாடுகள் எழுதினார். 1775-இல் திருவாரூரில் பிறந்த கர்நாடக இசைமேதை முத்துசுவாமி தீட்சிதரோ, சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அத்தகைய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் (பாடல் வரிகள்) அமைத்தார். சங்கராபரண ராகத்தின் சுரங்களில், கமகமின்றி, அதாவது சுரங்களை அசைக்காமல் நடக்கும் அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுகூட அவரிடம் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைப் பாடுவதாயிற்று. அவருடைய மேதைமையை அளக்க நவாவரணக் கீர்த்தனைகள் போன்ற பெரும் படைப்புகளுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் இந்தச் சிறிய உருப்படிகளைத் தமக்கு இழுக்கு என்று அவர் எண்ணவில்லை. அவருடைய தம்பி பாலுசுவாமி, வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். அந்தக் குடும்பத்தில் எவர் கையும் கெட்டதாகத் தெரியவில்லை!

சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் தாடையில் அணைத்து வாசிக்கிறாள். வகுப்பில் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் தாங்கி வாசிக்கிறாள். பள்ளியில் விரல் சுரத்தின் மேல் நேராக விழ வேண்டும், வகுப்பில் வழுக்கிச் செல்ல வேண்டும். தந்திகளின் சுருதியும் வேறு.

அம்மா பாடிய அன்று நீ கடைக்குப் போயிருந்தாய். அவள் சனிக்கிழமை வயலினை எடுத்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள். 'ச ச ப ப த த ப' என்று எடுத்து, மத்திமம் ('ம') வந்ததும் பழக்கத்தில் அதை அசைத்துவிட்டாள். "நோட்டுஸ்வரத்தை அசைக்காதே" என்று அம்மா அதட்டியதும், மறுமுறை விரலை நேராக வைத்தாள். எந்த இடத்தில் அசைக்க வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்பதை அந்தக் கை ஒரே அதட்டலில் பிரித்துக்கொண்டது.

தேர்வுக்காகப் பயிற்சி நேரத்தைக் குறை. ஒரு மணி நேரம் கால் மணியாகட்டும். சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு அடுத்து எப்போது தாவரவியல் பூங்காவில் இலவசமாக வாசிக்கிறதோ, அன்று பாயும் தயிர்சாதமும் என் பொறுப்பு. அம்மாவையும் பிள்ளைகளையும் நீ அழைத்து வா.

அன்புடன்,
அண்ணன்