அருங்காட்சியகத்தின் சிறு அட்டையும் பிள்ளைகளின் இயற்கைக் குறிப்பேடும்

அன்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களைச் சென்ற வாரம் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று வந்தோம். வீடு திரும்பிய பிள்ளைகள் திமிங்கில எலும்புக்கூட்டைப் பற்றியே மூச்சுவிடாமல் பேசியிருப்பார்கள். நான் எழுத விரும்புவது அதைவிட மிகச் சிறிய ஒரு பொருளைப் பற்றி.

காட்சிக்கூடத்தின் பின்புறம், பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படாத சேமிப்பறைக்குக் காப்பாட்சியர் எங்களை அழைத்துப் போனார். அகலமான இழுப்பறை ஒன்றை அவர் மெல்ல வெளியே இழுத்தார். பதப்படுத்திய சிறு பறவைகள் மல்லாந்த நிலையில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. கண்கள் இருந்த இடத்தில் வெண்பஞ்சு தெரிந்தது. சேர்த்துக் கட்டிய கால்களிலிருந்து ஒரு சிறு அட்டை நூலில் தொங்கியது. பழுப்பேறிய அந்த அட்டையில் பறவை கிடைத்த இடம், தேதி, ஆணா பெண்ணா என்ற விவரம், சேகரித்தவர் பெயர் ஆகியவை மையால் எழுதப்பட்டிருந்தன. “இந்த அட்டை தொலைந்துவிட்டால் பறவை இருந்தும் ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவாது” என்று அவர் சொன்னபோது, பறவையைவிட அட்டையா பெரிது என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் அதற்குரிய விடையைத் தங்களுக்கும் எழுதுகிறேன்.

பைரி என்னும் வேட்டைப் பறவையின் எண்ணிக்கை பிரிட்டனில் வேகமாகக் குறைந்துவந்த காலத்தில், அதன் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதை டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் கவனித்தார். அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளை அளந்தும் எடைபோட்டும் பார்த்த அவர், ஏறத்தாழ 1947 முதல் ஓடுகள் திடீரென மெலிந்துபோயிருப்பதைக் கண்டறிந்து 1967இல் வெளியிட்டார். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். இரையின் வழியாக உடலில் சேர்ந்த நஞ்சு முட்டையின் ஓட்டினை மெலியச் செய்ததால், அடைகாக்கும் தாயின் எடையைக்கூடத் தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. 1972இல் அமெரிக்கா டிடிடியின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடைசெய்ததற்கு இத்தகைய சான்றுகளும் காரணமாயின. ஒவ்வொரு முட்டையும் எடுக்கப்பட்ட ஆண்டை எவரோ குறித்து வைத்திராவிட்டால், அவை கண்ணாடிப் பெட்டியிலிருந்த அழகிய முட்டைகளாக மட்டுமே இருந்திருக்கும். (பொழுதுபோக்காகக் கூடுகளிலிருந்து முட்டை எடுப்பதை நான் சரியென்று சொல்லவில்லை, பல நாடுகளில் இன்று அது சட்டப்படி குற்றம்.)

உயிரினங்களைச் சேகரிப்பதோடு நில்லாமல் நாள்தோறும் இடம், தேதி, நேரத்துடன் குறிப்பெழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஜோசப் கிரின்னெல். அவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1908 முதல் முதுகெலும்பு உயிரின அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். யோசெமிட்டி மலைப்பகுதியில் அவரது குழு நடந்த தடத்திலேயே 2003 முதல் வேறொரு குழு மீண்டும் நடந்தது. ஆராயப்பட்ட 28 சிறு பாலூட்டி இனங்களில் ஏறத்தாழப் பாதி, சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேல்நோக்கி இடம்பெயர்ந்திருந்தன. மலை வெப்பமடைந்துவருவதன் விளைவான இந்த மாற்றத்தை, அந்தப் பழைய நோட்டுப் புத்தகங்களோடு ஒப்பிட்டதால்தான் இவ்வளவு துல்லியமாகக் காண முடிந்தது.

நம் பள்ளி அறிவியல் அறையில் ஒரு தட்டு நிறையக் கிளிஞ்சல்கள் இருப்பதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். அவற்றை எந்தக் கடற்கரையில், எந்த ஆண்டில், யார் பொறுக்கினார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து திரும்பிய மறுநாள் அந்தத் தட்டின் முன் நின்றபோது எனக்கு மனம் வருந்தியது.

ஆகவே இம்மாதம் முதல் ஒவ்வொரு மாணவருக்கும் கோடிடாத இயற்கைக் குறிப்பேடு ஒன்று வழங்கப்படுகிறது. வாரத்துக்கு ஒரு குறிப்பு போதும். ஆனால் தேதி, நேரம், இடம் ஆகிய மூன்றும் இல்லாத குறிப்பை ஆசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். ஓவியம் நன்றாக வராவிட்டாலும் வரைய வேண்டும். 1938இல் தென்னாப்பிரிக்காவில் அருங்காட்சியகக் காப்பாட்சியரான மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கையால் வரைந்து அஞ்சலில் அனுப்பிய ஒரு மீன் படத்தைப் பார்த்தே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகந்த் மீன் இன்னும் உயிர்வாழ்வதை அறிவியல் உலகம் அறிந்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஒரு பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் கைப்பேசியில் தேடி உடனே சொல்லிவிடாதீர்கள். அதன் கால்களை எண்ணி, நிறத்தையும் அது செய்த வேலையையும் எழுதட்டும். கூடு, முட்டை, உயிருள்ள பூச்சி எதையும் பறித்துக்கொண்டு வர வேண்டாம்.

மாணவி ஒருத்தி எழுதிய முதல் குறிப்பை இங்கே அப்படியே தருகிறேன்: “காலை 8.10. நூலக ஜன்னலின் இடப்பக்கம். நேற்று மாலை இருந்த வலை இன்று இல்லை. சிலந்தி மட்டும் மூலையில் இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை என்று அக்கா சொன்னார். மாலை 5.40. சிலந்தி புது வலை கட்டுகிறது.” சிலந்திகளில் பல, பழைய வலையின் நூலைத் தாமே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுபவை. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வலை எங்கே போகிறது என்று பார்க்க அவள் இந்த வாரம் முழுவதும் மாலையில் அரைமணி நேரம் நூலகத்தில் இருக்க அனுமதி கேட்டிருக்கிறாள், கொடுத்திருக்கிறேன்.

குறிப்பேடுகளை ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்ந்தெடுத்த குறிப்புகளை அருங்காட்சியகத்தின் செய்திமடலில் வெளியிடக் காப்பாட்சியர் இசைந்துள்ளார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்