யோஷியை ஒருவருக்கு மட்டும் உரியதாக ஒதுக்காதீர்கள்: மெலீ தரவரிசைக் குழுவினருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரவரிசைக் குழுவினருக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற சண்டை வீடியோ ஆட்டத்தில் எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று வாக்களிப்பவர்கள் நீங்கள். புதிதாகக் கண்ட்ரோலரைக் கையில் எடுப்பவர் யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைத் தவிர்க்கலாம் என்று வழிகாட்டுபவர்களும் நீங்கள். உங்கள் சொல்லுக்கு எடை உண்டு என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பாத்திரங்களில் ஒன்றான யோஷியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஜப்பானிய ஆட்டக்காரர் ஆம்சாவைச் சுட்டி, "அது ஆம்சாவுக்கு மட்டுமே கைவரும்" என்ற ஒரே பதில் வருகிறது. அத்துடன் பேச்சும் முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலைக் கைவிட வேண்டும் என்றும், யோஷிக்கே உரிய நுட்பங்களை உங்கள் விளக்கக் குறிப்புகளிலும் பாடங்களிலும் முறையாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மெலீ 2001-இல் கேம்கியூப் கருவிக்காக வெளிவந்த ஆட்டம். இன்றைய போட்டி ஆட்டங்களைப் போல அதற்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை திருத்தங்கள் வருவதில்லை. எந்தப் பாத்திரத்தையும் யாரும் பின்னாளில் வலுப்படுத்தவில்லை. பட்டியல்களில் ஆண்டுக்கணக்கில் நடுவரிசைக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த அதே யோஷிதான் 2022 அக்டோபரில் தி பிக் ஹவுஸ் 10 போட்டியில் ஆம்சாவின் கையில் பட்டம் வென்றது. இந்த இடைவெளியில் வட்டில் எதுவும் மாறவில்லை, யோஷியைப் பற்றிய நம் அறிவுதான் மாறியது. எனவே முந்தைய மதிப்பீடுகள் பாத்திரத்தை அளந்தவை அல்ல, அன்றைக்குப் பாத்திரத்தைப் பற்றித் தெரிந்திருந்ததை அளந்தவை என்றுதான் கொள்ள வேண்டும்.

இதற்கு உங்களில் சிலர் சொல்லும் மறுப்பை நான் அறிவேன். யோஷியை எதிர்த்து ஆடிய பழக்கம் யாருக்கும் இல்லாததால்தான் வெற்றி கிடைத்தது என்பது அந்த மறுப்பு. ஆம்சா 2014 ஜனவரியில் அபெக்ஸ் போட்டியில் ஆடியபோது அப்படிச் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் அவரைப் பன்னாட்டுப் போட்டிகளில் சந்தித்திருக்கிறார்கள், ஆட்டப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள், எதிர்வழிகளை வகுத்திருக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு வந்த வெற்றியை அறியாமையின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

யோஷியின் குறைகளை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. கேடயத்தில் இருந்தபடியே தாவ முடியாதது முதற்குறை. மற்றவர்கள் கேடயத்திலிருந்து நேராகச் செய்யும் வேவ்டேஷ் (தாவிய உடனே காற்றில் விலகித் தரையில் சறுக்கும் நகர்வு) அதனால் யோஷிக்கு இல்லை. நாக்கை நீட்டிப் பிடிக்கும் பிடி மெதுவானது. மேல்நோக்கிய சிறப்பு வீச்சு முட்டையை எறியுமே தவிர உடலை உயர்த்தாது. ஆகவே களத்துக்கு வெளியே தூக்கியெறியப்பட்டால் திரும்பி வருவதற்கு இரண்டாம் தாவலையும் காற்றில் விலகலையும் விட்டால் வேறு வழியில்லை. இவை உண்மையான குறைகள்தாம். ஆனால் பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. யோஷியை ஆடுபவருக்குப் பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த இரண்டாம் தாவலையே எடுத்துக்கொள்வோம். அது தொடங்கியதும் யோஷியின் உடலுக்கு ஒரு கவசம் கிடைக்கிறது. குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட தள்ளுவிசையுடன் வரும் எந்த அடியும் சேத விழுக்காட்டை (வாங்கிய அடிகளின் சேர்ந்த கணக்கை) கூட்டுமே ஒழிய யோஷியை நிலைகுலைக்காது, தாவலை முறிக்காது. மெலீயில் தள்ளுவிசை என்பது வாங்குபவரின் சேத விழுக்காட்டோடு கூடுகிறது, எடையோடு குறைகிறது. யோஷியோ ஆட்டத்தின் கனமான பாத்திரங்களில் ஒன்று. ஆகவே ஒரே கவசம் இலகுவான உடலில் இருந்திருந்தால் எப்போது உடைந்திருக்குமோ, அதைவிடப் பிந்தித்தான் யோஷியிடம் உடைகிறது. திரும்பி வரும் வழி ஒன்றே என்று குறை சொல்லும்போது, அந்த ஒரே வழி கவசமிட்ட வழி என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கவசத்தைத் தற்காப்பாக மட்டும் பயன்படுத்துவது தொடக்கநிலை. எதிராளி தொடர்வீச்சின் நடுவில் அடுத்த அடியை வீசும் கணத்தில் இரண்டாம் தாவலைத் தொடங்கி, அந்த அடியை உடலில் ஏற்று, அவர் தம் வீச்சை முடிக்காமல் இருக்கும்போதே வான்வீச்சால் திருப்பி அடிப்பதுதான் மேல்நிலை. மற்ற எந்தப் பாத்திரத்துக்கு எதிராகவும் பாதுகாப்பான தொடர்வீச்சு என்று எதிராளி மனப்பாடம் செய்து வைத்திருப்பது இங்கே அவருக்கே வினையாகிறது. ஆனால் இதை உள்ளுணர்வுக்கு விட்டுவிட முடியாது. ஃபாக்ஸ் என்ற பாத்திரத்தின் எந்த வீச்சு எத்தனை விழுக்காடு வரை தாங்கப்படும், மார்த்தின் வாள்முனை எந்த விழுக்காட்டில் கவசத்தை உடைக்கும் என்று எதிராளியின் ஒவ்வொரு முக்கிய வீச்சுக்கும் ஓர் எல்லையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓர் உயிரின் போக்கிலேயே அந்த விடைகள் மாறிக்கொண்டும் இருக்கும். பிடிக்கு முன்னால் கவசம் பயன்படாது என்பதால், மார்த்தைப் போல நீண்ட பிடி உள்ளவர்களிடம் தாவலின் உயரத்தையும் தொலைவையும் தனியாகக் கணக்கிட வேண்டும். இது கணக்கிடத்தக்க, எழுதி வைக்கத்தக்க, கற்பிக்கத்தக்க அறிவு. ஒருவரின் பிறவித் திறமை என்று இதைச் சொல்வது அவருடைய உழைப்பையும் சிறுமைப்படுத்துகிறது, மற்றவர்கள் கற்கும் வாய்ப்பையும் அடைக்கிறது.

அதே இரண்டாம் தாவலுக்கு இன்னொரு முகமும் உண்டு. யோஷியின் தாவல் உடனே மேலே எழுவதில்லை. சற்றுத் தாழ்ந்த பிறகே உயர்கிறது. தாவல் தொடங்கிய உடனே ஒரு வான்வீச்சை இட்டால் மேலெழும் வேகம் அறுபட்டு, வீச்சுடன் கீழே விழலாம். டபுள் ஜம்ப் கேன்சல் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்த நுட்பம் நெஸ், பீச், மியூடூ ஆகியோருக்கும் உண்டு. ஆனால் யோஷியிடம் அதன் பக்கத்தில் மேற்சொன்ன கவசமும் நிற்பதால் எதிராளியின் கணிப்பு இரு மடங்கு சிக்கலாகிறது: யோஷி இப்போது வீச்சுடன் இறங்குமா, அடியை ஏற்றுவிட்டு மேலே எழுமா என்று இரண்டுக்கும் அவர் ஆயத்தமாக வேண்டும். தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேம்களுக்குள் (ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு) எல்-கேன்சல் என்ற பொத்தான் அழுத்தத்தைச் செய்து இறங்கும் தாமதத்தைப் பாதியாக்கினால், எதிராளியின் கேடயத்தின் மீது இந்த நெருக்கடியை மீண்டும் மீண்டும் ஏற்படுத்தலாம்.

தாவல் முதலில் தாழ்கிறது என்ற அந்தச் சிறு இயல்பிலிருந்தே இன்னொரு நுட்பமும் பிறக்கிறது. கால்களுக்குச் சற்றுக் கீழே தரையோ மிதக்கும் மேடையோ இருக்கும்போது இரண்டாம் தாவலைத் தொடங்கினால், உடல் தாழும் அந்தக் கணத்திலேயே யோஷி தரையிறங்கிவிடுகிறது. வேவ்டேஷ் செய்தவர் இறங்கியதும் 10 ஃபிரேம்கள் செயலற்று நிற்க, இவ்வாறு இறங்கிய யோஷிக்குச் சாதாரணத் தரையிறக்கத்தின் தாமதம் மட்டுமே உண்டு. தரையைத் தொட்டதால் செலவழித்த தாவலும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மேடைகள் உள்ள களங்களில் இது யோஷியின் நடமாட்டத்தையே மாற்றிவிடுகிறது. யோஷியின் அசைவு மந்தமானது என்று எழுதியவர்கள் இந்த நுட்பத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்றே எண்ணுகிறேன்.

இனிப் பேரி என்ற தடுப்பு நுட்பம். இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது பெரிதும் இதுதான். யோஷியின் கேடயம் மற்றவர்களுடையதைப் போன்ற ஒளிக்குமிழ் அல்ல, உடல் முழுவதையும் மூடும் முட்டை. மற்றவர்களின் கேடயம் தேயத் தேயச் சுருங்கித் தலையையோ காலையோ வெளிக்காட்டும். முட்டையோ நிறம் மங்குமே தவிர அளவு குறையாது. பேரி அந்த முட்டை எழும் தொடக்கச் சில ஃபிரேம்களில் இருக்கிறது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் எதிராளியின் அடி விழுந்தால், வழக்கமாகக் கேடயத்தில் அடி வாங்கியவரைப் பிணைத்துவைக்கும் அதிர்ச்சி யோஷிக்கு ஏற்படுவதில்லை. அடித்தவர் தம் வீச்சின் பின்பகுதியில் சிக்கி நிற்கும்போது யோஷி விடுபட்டு நிற்கிறது. எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான பவர்ஷீல்டு என்ற சரியான கணத் தடுப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேரி யோஷிக்கு மட்டுமே உண்டு.

இதன் மதிப்பை உணர ஃபால்கோ என்ற பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். வான்வீச்சால் கேடயத்தை அடித்து, உடனே ஷைன் என்ற நெருக்க வீச்சை இட்டு, மீண்டும் எழும்பி அடிக்கும் அந்த நெருக்கடி, கேடயத்துக்குள் இருப்பவரின் அதிர்ச்சியை நம்பியே கட்டப்பட்டது. பேரி சரியாக விழுந்தால் அந்த நம்பிக்கை முதல் அடியிலேயே தகர்கிறது. கேடயத்திலிருந்து தாவ முடியாத பாத்திரம் என்ற குறைக்கு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் விடை இது. அந்தக் குறையை மட்டும் குறிப்பிட்டு விடையை விட்டுவிடும் எந்த மதிப்பீடும் அரைகுறையானதே.

கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெலீ நொடிக்கு 60 ஃபிரேம்களில் இயங்குகிறது. ஒரு ஃபிரேம் 17 மில்லிநொடிகூட நீடிப்பதில்லை. சில ஃபிரேம்களே திறந்திருக்கும் சாளரத்தை, அடியைக் கண்டபின் கை அசைத்துப் பிடிப்பது மனித இயல்புக்கு எட்டாதது. ஆகையால் பேரி அனிச்சையை நம்புவதல்ல, கணிப்பை நம்புவது. எதிராளி எந்த உயரத்தில் எந்தக் கணத்தில் வீசுவார் என்பதை அவருடைய பழக்கத்திலிருந்து படித்து, அந்தக் கணத்துக்கு முன்பே விரலை அசைக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் பயிற்சியின் முறையே மாறுகிறது. பொத்தானை வேகமாக அழுத்தும் பயிற்சியைவிட, முன்னணிப் பாத்திரங்கள் ஒவ்வொன்றின் வீச்சுத் தாளத்தையும் காதாலும் கண்ணாலும் பழகும் பயிற்சியே பயன் தரும். ஸ்லிப்பி என்ற மென்பொருள் வந்ததிலிருந்து ஆட்டங்களைப் பதிவாகச் சேமித்துத் திரும்பப் பார்ப்பது எளிதாகியிருக்கிறது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கும் பயிற்சி முறைகளும் கிடைக்கின்றன. முற்காலத்தில் யோஷியை ஆடியவர்களுக்கு இந்த வசதிகள் இருந்ததில்லை.

முட்டை எறிதலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எறியும் கோணத்தையும் வலுவையும் ஆடுபவரே கட்டுப்படுத்தலாம் என்பதால், மேலே மேடையில் நிற்பவரையும் களத்துக்கு வெளியே இருப்பவரையும் ஒரே இடத்தில் இருந்து அச்சுறுத்த முடியும்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். யோஷியைக் கற்க வருபவரிடம் பேரியை முதலில் காட்டாதீர்கள். அது கண்ணைக் கவர்வது. ஆனால் அதை மட்டும் துரத்துபவர் அடி வாங்கி மனம் தளர்ந்து வேறு பாத்திரத்துக்கு மாறிவிடுகிறார், "யோஷி கைவராது" என்ற பேச்சுக்கு இன்னொரு சான்றும் சேர்ந்துவிடுகிறது. தாவல் தாழும் கணத்தில் தரையிறங்குவதை முதலில் பழக்குங்கள். அதில் தவறினாலும் இழப்பு சிறிது, இரண்டாம் தாவலின் தாளமும் விரலுக்குப் பழகிவிடும். அந்தத் தாளம் கைவந்தவருக்கு டபுள் ஜம்ப் கேன்சல் விரைவில் பிடிபடும். பிறகு இரண்டு அல்லது மூன்று எதிர்ப்பாத்திரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவர்களுடைய வீச்சுகளுக்கான கவச எல்லைகளைக் கற்பியுங்கள். பேரியை இவற்றுக்குப் பின், அதுவும் ஒரே ஒரு எதிராளியின் ஒரே ஒரு வீச்சுக்கு எதிராக மட்டும் தொடங்குங்கள்.

தரவரிசைக் குழுவினரிடம் நான் கேட்பது உயர்ந்த இடத்தை அல்ல. யோஷியை எங்கே வைப்பது என்பது உங்கள் தீர்ப்பு. ஒரு பட்டியல் மனிதக் கைகள் எட்டக்கூடிய ஆட்டத்தை அளக்கிறதா, பெரும்பாலோர் இன்று ஆடும் ஆட்டத்தை அளக்கிறதா என்பதை முன்னுரையில் தெளிவாக எழுதுங்கள். இரண்டும் நேர்மையான அளவுகோல்களே. ஆனால் ஃபாக்ஸுக்கு முதல் அளவுகோலையும் யோஷிக்கு இரண்டாவதையும் பயன்படுத்துவது நேர்மையாகாது. ஃபாக்ஸை உச்சநிலையில் ஆடுவதும் விரல்களை வருத்தும் கடுமையான வேலைதான். அதை எவரும் ஃபாக்ஸின் குறையாக எழுதுவதில்லை. 2019-இல் ஸ்மாஷ் சம்மிட் 8 போட்டியை ஆக்ஸ் என்ற ஆட்டக்காரர் பிகாச்சுவைக் கொண்டு வென்றபோதும் இதே விதிவிலக்குப் பேச்சுதான் எழுந்தது. விதிவிலக்குகள் பெருகும்போது விதியைத்தான் மறுபடி ஆராய வேண்டும்.

அடுத்த பட்டியலில் யோஷியின் பெயருக்கு எதிரே எந்த இடம் வந்தாலும், கவசம், தாவல் இறக்கம், பேரி ஆகிய மூன்றையும் எடைபோட்ட பிறகே அந்த இடம் தரப்பட்டது என்பதைக் காட்டும் ஒரு பத்தி விளக்கம் உடன் வர வேண்டும். வாக்களிப்பவர்களில் ஒருவராவது யோஷியைப் போட்டிகளில் ஆடியவராக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
யோஷியை ஆடும் ஓர் ஆட்டக்காரர்