குமரனுக்கு, காய்ச்சல் பற்றி

அன்புள்ள குமரா,

இங்கே எல்லாரும் நலம். அக்கா போன வாரம் வந்துவிட்டுப் போனாள். பெரியவன் அவள் தோளைத் தாண்டிவிட்டான். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

போனில் உன் குரல் கம்மியிருந்தது. காய்ச்சல் என்றாய். சரி, காய்ச்சலாகவே இருக்கட்டும். மஞ்சு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் போட்டுக் குடையாதே.

தண்ணீர் குடிக்கிறாயா? தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. வெயிலில் நின்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், கணக்கு வைத்துக் குடி. கம்பி கட்டுகிற வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு உச்சிவெயிலில் ஆட்களை நிழலில் உட்காரவை. நீயும் உட்கார். "ஆட்கள் நிற்கும்போது நான் எப்படிம்மா உட்காருவது" என்பாய். அப்படியே அப்பா புத்தி. அதில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இருபது நாள் லீவில் வந்து ஏசி அறையில் தூங்கிவிட்டு, போன மறுநாளே முழு வெயிலில் நின்றாயே, அது வீம்பு. வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். லீவில் போய் வந்தவனும் புது ஆள்தான். முதல் சில நாளில்தான் பலர் விழுகிறார்கள்.

பூகோள டீச்சர் ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிக்காதே. 2024-இல் உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.55 டிகிரி கூடிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. அதற்கு முன் அத்தனை சூடான ஆண்டு பதிவிலேயே கிடையாது. ஒன்றரை டிகிரிதானே என்று நீயே ஒரு தடவை கேட்டாய். சராசரி ஒன்றரை ஏறினால் வெயில் நாளும் ஒன்றரை மட்டும் ஏறும் என்று யார் சொன்னது? கனடாவில் லிட்டன் என்று ஒரு சின்ன ஊர், 50 டிகிரி வடக்கு அட்சரேகையில். அந்த நாட்டின் பழைய உச்சம் 45 டிகிரி, 1937-இல் பதிவானது. இந்த மாதிரி உச்சத்தையெல்லாம் கால் டிகிரி, அரை டிகிரிதான் தாண்டும். 2021 ஜூனில் லிட்டன் மூன்று நாள் தொடர்ந்து அதைத் தாண்டி 49.6-இல் போய் நின்றது. மறுநாள் ஊரே தீப்பிடித்து எரிந்தது. இதை நான் வகுப்பில் நடத்தியிருந்தால், டீச்சர் கதை விடுகிறார் என்று பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.

நான் நடத்தியதிலும் ஒரு கதை இருந்தது. உலகின் மிக அதிக வெப்பம் எங்கே என்று கேட்டால் லிபியாவின் அல் அஸீஸியா, 1922, 58 டிகிரி. உன்னையும் அதை மனப்பாடம் செய்யவைத்தேன், ஞாபகம் இருக்கும். 2012-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பழக்கமில்லாத ஒருவர் வெப்பமானியைத் தப்பாகப் படித்துவிட்டாராம். தொண்ணூறு வருடம் உலகமே அதை நம்பியிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று அக்கா கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

குமரா, அப்பாவுக்கு அன்று வந்தது காய்ச்சல் இல்லை.

நாலு ராத்திரியாக வீடு ஆறவே இல்லை. மின்விசிறி அடுப்புக் காற்றாக அடித்தது. 40 டிகிரிக்கு மேல் போனால் விசிறி உடம்பை இன்னும் சுடவைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ரத்தக்கொதிப்புக்கு அவர் சாப்பிட்டது நீர் பிரிகிற மாத்திரை, அதுவும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் தொட்டுப்பார்த்தேன், உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் 104-ஐத் தாண்டி நின்றது. தோல் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. நான் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், போர்வை போர்த்திவிட்டேன். நான்தான் போர்த்தினேன். காய்ச்சல் என்றால் உடம்பு தானே சூட்டை ஏற்றிக்கொள்கிறது, மாத்திரைக்கு இறங்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் சூட்டைத் தள்ளமுடியாமல் உடம்பு தோற்றுப்போகிறது, அதற்கு மாத்திரை என்ன செய்யும்? துணியை அவிழ்த்து, தண்ணீரைக் கொட்டி, விசிறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார்கள். வெயிலில் செத்துப்போகிறவர்கள் பாதிப்பேருக்கு அப்படித்தான் எழுதுவார்கள் போல.

"மழை வருது, கொடியில கிடக்கிற துணிய எடு." அவர் கடைசியாகச் சொன்னது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. சாகும்போதும் வீட்டு நினைப்பு என்று எல்லாரும் அழுதார்கள். வெளியே அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன், குமரா. தூக்கத்தில் உளறுகிறார் என்று சிரித்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். மூளை வரைக்கும் சூடு ஏறினால்தான் அப்படிப் பேச்சு மாறும்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். அக்காவுக்கும் தெரியாது.

தண்ணீர் குடி. கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொள். வேலை செய்கிற ஆட்களில் யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே படுக்கவைத்துத் தண்ணீரை ஊற்று, ஆம்புலன்சைக் கூப்பிடு. சிரிக்காதே.

மஞ்சுவைத் திட்டாதே. நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் சொன்னாள், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு. பாலத்து மேலே நீ விழுந்தபோது ஏதோ பேசிக்கொண்டே விழுந்தாயாம். என்ன பேசினாய் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டு எழுது.

அம்மா