துகள் பாடமும் உன் மௌனமும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கடைசியாகப் பேசியபோது, "துகள் பாடம் நடத்தினேன், ஒருத்தருக்கும் புரியலை" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் பேச்சே இல்லை. வேலை இருக்கும், சரி. தம்பி சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. எல்லாப் பொருளும் ஓயாமல் அசையும் நுண்துகள்களால் ஆனது என்கிற அந்தப் பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வரையறையில் தொடங்காதே. ஒரு குவளையில் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் சூடான தண்ணீர். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு சொட்டு மை. அதற்கு முன் தண்ணீரை அசையாமல் கொஞ்ச நேரம் வை. இல்லாவிட்டால் நீரோட்டமே மையை இழுத்துக்கொண்டு போய்விடும். சூடான தண்ணீரில் மை ஏன் சீக்கிரம் பரவுகிறது என்று நீ சொல்லாதே. பிள்ளைகள் சொல்லட்டும்.

தப்பாகத்தான் சொல்வார்கள். சூடானால் துகளே பெருத்துவிடும் என்பார்கள். பனிக்கட்டி உருகும்போது துகளும் உருகுகிறது என்பார்கள். துகள்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டால், காற்று என்பார்கள். வெறுமைதான் இருக்கிறது என்பதை மனம் லேசில் ஏற்காது. இதற்காகவா சோர்ந்துபோவது? நீரில் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதைத் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827இல் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் மோதுவதால்தான் அந்தத் துள்ளல் என்று ஐன்ஸ்டீன் கணக்கிட்டுக் காட்டியது 1905இல். அதன் பிறகு பிரெஞ்சு இயற்பியலாளர் பெரேன் அளந்து உறுதிசெய்யும்வரை பெரிய அறிஞர்கள் சிலரே அணுவை நம்பாமல் இருந்தார்கள். உன் வகுப்புக்கு மட்டும் ஒரு வாரம்தானா?

ஆற்றலுக்கு வரும்போது அவசரப்படாதே. வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலை, அதாவது அசைவதால் அவற்றுக்கு இருக்கும் ஆற்றலை, காட்டுவது. அறைக் காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குக் கிட்டத்தட்ட 500 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஆனாலும் வாசனைத் திரவியத்தின் மணம் மறுமூலைக்கு வர நேரமாகிறது. இடைவிடாமல் மோதித் திசை மாறுவதுதான் காரணம். ஒலியில் கதையே வேறு. துகள் இருந்த இடத்தைச் சுற்றியே ஊசலாடும், ஆற்றல் மட்டும் கைமாறிப் போகும். இந்த இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதே, குழம்பிவிடும்.

கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானி 100 டிகிரியோடு ஏன் நின்றுவிடுகிறது என்று சின்ன வயதில் என்னை விடாமல் கேட்டவள் நீ. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,260 கிலோஜூல் ஆற்றல் வேண்டும், அது துகள்களை ஒன்றையொன்று விட்டுப் பிரிக்கவே செலவாகிறது என்று சொன்னதும் உன் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் பெருமைதான். அவ்வளவு கேள்வி கேட்டவளுக்கு இப்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லையா?

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டால் கோபப்படுவாய். வேலையை விடுவதும் விடாததும் உன் முடிவு. ஆனால் அந்த ராஜினாமா கடிதத்தைக் கொடுக்கும் முன் இந்த மைச் சோதனையை ஒரு தடவை செய்துவிடு. நீ முதலில் பதில் சொல்லாதே, இன்னொரு முறையும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பிள்ளைகள் சொன்ன தப்பான பதில்களையெல்லாம் அப்படியே எனக்குச் சொல்லு, அடுத்து என்ன கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா