வதனிக்கு, சிலாப் ஒழுக்குப் பற்றி

விசுவமடு,
ஆவணி

அன்பின் வதனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வவுனியாவிலேயே மாற்றம் கிடைத்தது பெரிய ஆறுதல். இனி விடியப்புறம் பஸ்ஸுக்கு ஓடத் தேவையில்லை. இங்கே எல்லோரும் சுகம். சோளகக் காற்றுத்தான் இன்னும் அடங்கவில்லை. கூட்டிய முற்றம் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் புழுதி.

முன் விறாந்தையின் கொங்கிறீட் தட்டைக் கூரைக்கு, அந்தச் சிலாப்புக்கு, ஒழுக்குத் தடுக்கும் பூச்சு அடிக்கப் போகிறாய், எது நல்லது என்று கேட்டிருந்தாய். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்த வெள்ளத்தோடு எங்கள் சிலாப்பும் ஒழுகத் தொடங்கியது உனக்குத் தெரியும். அதன்பிறகு மேசனோடு மல்லுக்கட்டிப் படித்ததைச் சொல்கிறேன். எந்தப் பூச்சு டின் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்.

காலையில் சில வாளி தண்ணீர் ஊற்று. மத்தியானமும் வற்றாமல் நிற்கிற இடங்களைச் சோக்கால் வட்டம் போடு. வெள்ளை அக்ரிலிக் பூச்சு வழிந்தோடும் மழையைத் தாங்கும். நாட்கணக்கில் தண்ணீர் நின்றால் இளகி உரியும். பொலியூரிதேன் அதற்கும் தாங்கும், ஆனால் விலையும் மணமும் கூட. தார்ப் பூச்சு எங்கள் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் வெக்கையும் குறையும். ஆகவே பள்ளங்களைச் சீமெந்தால் நிரப்பி, தண்ணீர் வழிந்தோடும் வாட்டத்தைச் சரிசெய்துவிட்டு அக்ரிலிக் அடி என்பதுதான் என் கதை. வாட்டம் எண்பதுக்கு ஒன்று போதும், அதாவது பத்தடிக்கு ஒன்றரை அங்குலம்.

பள்ளத்தை நிரப்பிய சீமெந்து 28 நாளாவது ஆற வேண்டும். இப்போதே தொடங்கு என்று அவசரப்படுத்துவது அதனால்தான். காலபோக நெல் விதைப்புத் தொடங்கினால் கூலிக்கு ஆள் பிடிக்க முடியாது, ஐப்பசி பிறந்தால் மழை.

அடிக்குமுன் ஒரு சோதனை செய். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைப் பின்னேரம் நாலு மணிக்கு நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் எட்டு மணிக்கு எடுத்துப் பார். அடியில் வேர்த்திருந்தாலோ கொங்கிறீட் கறுத்திருந்தாலோ பொறு. உள்ளே நிற்கும் ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

பாசியையும் பழைய சுண்ணாம்பையும் கம்பி பிறஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அடிக்கிற அன்று காலையிலும் ஒருதரம் கூட்டச் சொல். இந்தக் காற்றில் முதல்நாள் துப்புரவுக்கு மதிப்பில்லை.

சிலாப்பின் நடுவைவிடக் கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலும் குழாய் இறங்கும் வாயிலும்தான் ஒழுக்கு அதிகம். மூலையைச் சாந்தால் வளைத்துப் பூசி, பூச்சைச் சுவரில் அரை அடி ஏற்றச் சொல். வெடிப்பு உள்ள இடங்களில் இரண்டு கோட் பூச்சுக்கும் நடுவே பைபர் வலைத் துண்டு வைத்தால் சிலாப் விரிந்து சுருங்கும்போது பூச்சுக் கிழியாது.

பெயின்ற்காரரின் திருகுதாளம் ஒன்றுண்டு: தண்ணீர் கலந்து இழுத்து அடிப்பார்கள். அடித்த அன்று பளிச்சென்று இருக்கும், அடுத்த மாரிக்கு இருக்காது. ஒரு டின் எத்தனை சதுர அடிக்குக் காணும் என்று டின்னிலேயே போட்டிருக்கும். கணக்குப் பார்த்து அத்தனை டின்னும் முடிகிறதா என்று நீயே நின்று கவனி. இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காகப் போக வேண்டும். பனி காய்ந்த பிறகு தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் நிறுத்தட்டும். கொதிக்கும் சிலாப்பில் மேல்தோல் உடனே காய்ந்து உள்ளே குமிழி நிற்கும். மயிலையும் கலைக்க ஒரு ஆள் வேண்டும்! எங்கள் சிலாப்பில் அதன் கால்தடம் இன்னும் இருக்கிறது.

கீழே சாந்து பொரிந்து துருக்கறை தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்தால்தான் பயம். கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தும் பலனில்லை. முதலில் நல்ல மேசன் ஒருவரைக் கூப்பிட்டு, தட்டிப் பார்க்கச் சொல்.

அடுத்த கிழமை கிளிநொச்சிக்கு வருவாய் அல்லவா? சிலாப்பின் நீள அகலத்தை அளந்துகொண்டு வா, சேர்ந்து கடைக்குப் போவோம். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது எனக்கும் கச்சான் கடலை வாங்கு.

அன்புடன்,
ராணி